செங்கல்பட்டு: நம் மண்ணில் நடந்த மருத்துவ ஆய்வும் நமக்கு வராத பங்கும்



செங்கல்பட்டைச் சுற்றி மருத்துவ ஆராய்ச்சி, தடுப்பூசித் தயாரிப்பு, மருத்துவக் கருவி உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே பகுதியில் சேர்த்து ஒரு பெரிய 'கிளஸ்டர்' அமைப்பது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். தடுப்பூசி வளாகம், மெடிபார்க் என்று பெயர்கள் வருகின்றன. அறிவிப்புகளைப் படித்தால், இங்கே இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, வெறும் கரம்புதான் கிடந்தது, இனிமேல்தான் அறிவியல் வந்து இறங்கப்போகிறது என்று நினைக்கத் தோன்றும்.

அது உண்மை இல்லை. உலகத்தின் எந்த மூலையில் பொதுச் சுகாதாரம் படித்தாலும் காசநோய்ப் பாடத்தில் 'சிங்கிள்புட்' என்ற பெயர் வரும். அது நம் செங்கல்பட்டுதான். தொழுநோய் மருத்துவ வரலாற்றிலும் அதே பெயர் உண்டு. இந்தியாவில் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒருவருக்கு ஏற்றப்படும் மருந்தின் தொடக்கம், பெரும்பாலும் மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறது. இந்தப் பகுதி நூறு ஆண்டுகளாக மருத்துவ ஆய்வுக்களமாக இருந்து வருகிறது. அதற்கு நிலம், உடல், அறிவு மூன்றையும் கொடுத்தவர்களில் தலித்துகளும் பழங்குடிகளும் இருக்கிறார்கள். அந்த வரலாற்றில் அவர்களுக்கு 'நோயாளி', 'பயனாளி' என்ற இரண்டு பெயர்கள் மட்டும்தான் கிடைத்தன.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் கிளஸ்டர் பற்றிப் பேச உட்கார்ந்தால் நாம் சலுகை கேட்பவர்களாகத்தான் உட்காருவோம். தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் பங்கு கேட்கலாம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

1891: ஒரு கலெக்டரின் அறிக்கை

கதையை ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கக் கூடாது, நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். 1891ல் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் பொறுப்பில் இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசையின் தரைகூட அவர்களுக்குச் சொந்தம் இல்லை, மிராசுதார் நினைத்தால் அன்றைக்கே வெளியேற்றலாம் என்பதை அதில் பதிவு செய்தார். கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடப்பதையும், புறம்போக்குத் தரிசு நிலத்துக்கு அவர்கள் மனுப் போட்டால் மிராசுதார்கள் முன்னுரிமை காட்டித் தடுப்பதையும் எழுதினார். வீட்டுமனை, விவசாய நிலம், கல்வி மூன்றும் கொடுக்க வேண்டும் என்பது அவர் பரிந்துரை.

அதே காலத்தில் நம் மக்களும் அமைப்பாகத் திரண்டுகொண்டிருந்தார்கள். இந்த மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார், 1893ல் 'பறையன்' இதழை நடத்தினார். நிலம் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கருணையால் மட்டும் வந்தது என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரை நினைவுபடுத்துங்கள்.

1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை எண் 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கும் ஏற்பாடு அப்படித்தான் தொடங்கியது. முதல் 10 ஆண்டுகள் விற்கவே கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒப்படைக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

மருத்துவ வரலாற்றில் இது எதற்கு என்று கேட்கலாம். காசநோயும் தொழுநோயும் வெறும் கிருமியால் மட்டும் பரவுவதில்லை. காற்று நுழையாத குடிசையில் பத்துப் பேர் படுத்திருந்தால், ஒருவேளைக் கஞ்சியில் உடம்பு இளைத்திருந்தால், கிருமிக்கு வேலை எளிது. நிலம் இல்லாமையும் மனை இல்லாமையும் இந்த நோய்களின் காரணங்களில் சேர்த்தி. பின்னாளில் ஆய்வாளர்கள் இங்கே வந்து அளந்த நோயின் ஒரு வேர், 1891ல் திரமென்ஹீர் எழுதிய வாழ்நிலையில் இருந்தது.

திருமணி: ஒதுக்கி வைத்த இடத்தில் பிறந்த மருத்துவம்

1924ல் செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் தொழுநோயாளிகளுக்காக ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநரின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் நிலையம் என்று அழைக்கப்பட்டது. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க அனுமதிக்கும் 1898ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. நோய் எந்தச் சாதிக்காரருக்கும் வரும். ஆனால் நோய் வந்தவரை ஊர் எப்படி நடத்தியது என்று பாருங்கள். பொதுக்கிணறு இல்லை, கோயில் இல்லை, கல்யாணச் சம்பந்தம் இல்லை, ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு. சேரி மக்களுக்கு இது எதுவும் புதிதில்லை. தீண்டாமையில் பழகிய சமூகம் அதே முறையைத் தொழுநோயாளி மேலும் பிரயோகித்தது. சேரியில் பிறந்து தொழுநோயும் வந்தவருக்கு இரண்டு சுமையும் சேர்ந்து வந்தது.

அப்படி ஒதுக்கி வைக்கப்பட்ட மனிதர்களின் உடம்பிலிருந்துதான் உலகத் தொழுநோய் மருத்துவத்தின் பெரிய முன்னேற்றங்கள் சில வந்தன. இங்கே பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர், 1940களின் நடுப்பகுதியில் டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். மிக மலிவான அந்த மருந்து பின்னர் உலகம் முழுவதும் பல பத்தாண்டுகள் தொழுநோய்க்கு அடிப்படை மருந்தாக இருந்தது. இன்றைய கூட்டு மருந்துச் சிகிச்சையிலும் அது இருக்கிறது.

வேலூரில் இருந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரை காக்ரேன் செங்கல்பட்டுக்கு அழைத்து வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியின் கையைப் பிராண்ட் பிடித்துப் பார்த்தார். அந்தக் கையில் இன்னும் பலமான பிடி இருந்ததைக் கண்டு, செயலற்ற தசைக்குப் பதிலாக நல்ல தசையை இடம் மாற்றிப் பொருத்தலாமே என்று யோசித்தார். தொழுநோயாளிகளுக்கான கை மறுசீரமைப்பு அறுவைச் சிகிச்சை வேலூரில் வளர்ந்து உலகப் புகழ் பெற்றது. காக்ரேன், பிராண்ட் என்ற இரண்டு பெயர்களும் புத்தகங்களில் இருக்கின்றன. பிடியைக் காட்டிய அந்தக் கைக்காரரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1955ல் இந்திய அரசு இந்த நிலையத்தை எடுத்துக்கொண்டு மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கோரலாம் என்ற பிரிவு 2019ல்தான் போனது. மருந்து 1940களில் வந்துவிட்டது, மனித மரியாதை சட்டத்தில் வருவதற்கு இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

1968: நம் கிராமங்கள் ஒரு சோதனைக்களமான கதை

உங்கள் தோளில் இருக்கும் பி.சி.ஜி. ஊசித் தழும்பை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அந்த ஊசி உங்களுக்கு ஏன் பிறந்தவுடன் போடப்பட்டது என்பதற்கான பதிலின் ஒரு பகுதி அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது.

இந்தியாவில் பி.சி.ஜி. பெருமளவில் 1951 முதல் போடப்பட்டது. கிண்டியில் 1948லேயே அதற்கான தடுப்பூசி ஆய்வகம் தொடங்கிவிட்டார்கள். ராஜாஜி 1955ல் இந்த ஊசியை எதிர்த்துத் தனிப் பிரசுரமே எழுதினார். எதிர்க்க நினைத்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் என்றால் அரசு பதில் சொல்லியாக வேண்டும். கூலிக்காரர் வேண்டாம் என்று சொன்னால் அதற்குப் பதில் சொல்ல யாரும் வருவதில்லை.

இந்த ஊசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்பதில் உலகில் குழப்பம் இருந்தது. பிரிட்டனில் நடந்த சோதனையில் நல்ல பலன், அமெரிக்காவின் சில பகுதிகளில் பலன் இல்லை. தீர்மானமான பதில் கண்டுபிடிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து 1968ல் இங்கே சோதனையைத் தொடங்கின. களம், இன்று திருவள்ளூர் மாவட்டமாகப் பிரிந்திருக்கும் பகுதிகள். சுமார் 3,66,000 பேர் பதிவு செய்யப்பட்டார்கள். ஒரு மாதக் குழந்தையிலிருந்து தொடங்கி 2,81,000 பேருக்கு மேல் ஊசி போடப்பட்டது. சிலருக்கு உண்மையான தடுப்பூசி, சிலருக்கு மருந்து இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. அறிவியல் முறைப்படி அப்படித்தான் செய்ய வேண்டும். இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை இதுதான்.

முதல் ஏழரை ஆண்டு முடிவு 1979ல் வெளியானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை. 1999ல் வெளியான 15 ஆண்டு முடிவும் அதையே உறுதி செய்தது. குழந்தைகளிடம் மட்டும் சிறிதளவு பலன் தெரிந்தது, அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பிற மைக்கோபாக்டீரியாக்கள் காரணமாக இருக்கலாம் என்பது உட்படப் பல விளக்கங்கள் இன்று வரை விவாதத்தில் இருக்கின்றன. இந்த முடிவுக்குப் பிறகுதான், பி.சி.ஜி.யைக் குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளுக்கு எதிரான பாதுகாப்பாக வைத்துக்கொள்வது, பெரியவர்களின் காசநோயைக் கட்டுப்படுத்த நோயாளிகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுப்பதை நம்புவது என்ற பாதை உறுதியானது.

இது நேர்மையான ஆய்வு. எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு வந்தபோதும் மறைக்காமல் வெளியிட்டார்கள், அதற்காக அந்த ஆய்வாளர்களை மதிக்க வேண்டும். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மனிதர்கள் மேல் நடக்கும் ஆய்வுக்கான நெறிமுறை அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதன்முதலில் 1980ல்தான் வெளியிட்டது. சோதனை தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. ஜீப் வந்து நிற்கிறது, அதிகாரிகள் இறங்குகிறார்கள், ஊர்ப் பெரியவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்த இடத்தில் பண்ணையில் வேலை செய்யும் ஒரு சேரிப் பெண் 'என் குழந்தைக்கு வேண்டாம்' என்று சொல்ல முடிந்திருக்குமா? சம்மதம் என்ற சொல்லுக்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே ஊரில் வேலைக்குப் போக முடிய வேண்டும் என்பதும் பொருள். சமூகவியல் படிப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய நான்கில் ஒருவர் பட்டியல் சாதியினர். எனவே அந்தப் பதிவேடுகளில் நம் தாத்தா பாட்டிகள் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள் என்று யூகித்துக்கொள்ளலாம். உலகத்துக்கு ஒரு பெரிய உண்மையைக் கொடுத்த அந்தக் கிராமங்களில் அதைச் சொல்லும் ஒரு கல்வெட்டையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

1978: வடநெம்மேலியில் இருளர்கள்

இப்போது கடற்கரைப் பக்கம் வருவோம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையிலான ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் பல தலைமுறைகளாகப் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தவர்கள் இருளர்கள். பாம்புத் தோல் வியாபாரிகள் அவர்களிடம் சொற்பக் காசுக்குத் தோல் வாங்கி ஏற்றுமதி செய்து சம்பாதித்தார்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976ல் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. சம்பாதித்த வியாபாரிகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். இருளர்களுக்கு வேறு தொழில் இல்லை.

அந்த நெருக்கடியில் 1978ல் பிறந்தது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். ரோமுலஸ் விட்டேக்கர் உதவியோடு தொடங்கிய இந்தச் சங்கம் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் பிடிக்கிறார்கள். மண்பானையில் வைத்து, மூன்று நான்கு வாரங்களில் சில முறை விஷம் எடுத்துவிட்டு, அடையாளம் போட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். உறைய வைத்து உலர்த்திய விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே அதைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள். இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்குப் பெரும்பங்கு விஷம் போவது இந்தச் சங்கத்திலிருந்துதான்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இறப்பவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்து ஏழைகள், வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்கள். அப்படியானால் இந்த மருந்துச் சங்கிலியின் இரண்டு முனையிலும் நம் மக்கள்தான் நிற்கிறார்கள். விஷம் எடுப்பவரும் அவர்களே, கடிபடுபவரும் அவர்களே. இலாபம் நடுவில் நிற்கிறது.

2017ல் இங்கிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் அங்குள்ள அதிகாரிகளுக்கு மலைப்பாம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே சமூகத்துப் பிள்ளைகள் பழங்குடிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலுவலகப் படிகளில் காத்துக் கிடப்பதை இந்த மாவட்டத்தில் களப்பணி செய்யும் எவரும் பார்த்திருப்பார்கள்.

ஆனால் இந்த வரலாற்றில் நமக்கு நம்பிக்கை தரும் பகுதியும் இதுதான். திருமணியிலும் பி.சி.ஜி. சோதனையிலும் மக்கள் வெறும் உடம்பாக இருந்தார்கள். வடநெம்மேலியில் இருளர்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். அறிவு அவர்களுடையது, சங்கமும் அவர்களுடையது. குறைகள் இருக்கலாம், விலை நிர்ணயிக்கும் பலம் போதாமல் இருக்கலாம். ஆனாலும் கிளஸ்டர் என்று பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டிய மாதிரி அது. கேரளத்தில் காணி பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து மருந்து செய்தபோது, உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு என்று 1990களில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அறிவுக்குப் பங்கு கேட்பது நடக்காத காரியம் இல்லை.

2008 முதல் இன்று வரை: பூட்டிய கதவுகள்

2008 ஜனவரியில் மத்திய அரசு மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உற்பத்தி உரிமத்தை நிறுத்தி வைத்தது. கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிலையம், இமாச்சலத்தின் கசௌலி நிலையம். தயாரிப்புத் தரநெறிகள் பின்பற்றப்படவில்லை என்பது காரணம். தரம் குறைந்தால் சரிசெய்ய வேண்டும், மூடிவிடுவது தீர்வா என்று பொதுச் சுகாதார இயக்கங்கள் போராடின, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 பிப்ரவரியில் தடை விலக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அரசு தனியார் நிறுவனங்களையே பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று.

இதற்கு மாற்றாக வந்ததுதான் திருமணியில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். எச்.எல்.எல். நிறுவனத்தின் துணை நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக் இதற்காகவே 2012ல் உருவாக்கப்பட்டது. 100 ஏக்கர், தொடக்க மதிப்பீடு 594 கோடி ரூபாய், பின்னர் அது 900 கோடியைத் தாண்டியது. ஆண்டுக்கு 58.5 கோடி டோஸ் தயாரிக்கும் திறன் என்றார்கள். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம் என்றும் அறிவித்தார்கள்.

2021ல் கொரோனா இரண்டாம் அலையில் நம் தெருக்களில் மரணம் விழுந்துகொண்டிருந்தபோது அந்த வளாகத்திலிருந்து ஒரு கோவிட் தடுப்பூசிகூட வரவில்லை. வளாகத்தை நடத்தத் தனியாரிடம் விருப்பம் கேட்டார்கள், யாரும் முன்வரவில்லை. மே 25 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் வந்து பார்த்தார். மாநில அரசுக்குக் குத்தகைக்குக் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதுவும் நடக்கவில்லை.

தலித் இயக்கங்கள் இதை ஏதோ நிர்வாகக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. மத்தியப் பொதுத்துறை நிறுவனம் என்றால் அகில இந்திய நேரடி நியமனங்களில் பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடும் பழங்குடிக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. மாநில அரசு நடத்தினால் 18 விழுக்காடும் 1 விழுக்காடும். தனியார் குத்தகைக்குப் போனால் பூஜ்யம். பூட்டிக் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் படித்துவிட்டு நிற்கும் நம் பிள்ளைகளின் வேலை பறிபோகிறது.

அதே திருமணிப் பக்கம் மருத்துவக் கருவி உற்பத்திக்காக 330 ஏக்கரில் மெடிபார்க் அமைக்க, நிலத்தை உள்குத்தகைக்கு விட எச்.எல்.எல். நிறுவனத்துக்கு மத்திய அமைச்சரவை 2017ல் ஒப்புதல் அளித்தது. உள்குத்தகைக்கு வருபவை தனியார் நிறுவனங்கள். அங்கே காவலாளி, துப்புரவு, பேக்கிங் வேலைகள் ஒப்பந்தத்தில் நமக்குக் கிடைக்கலாம். ஆய்வக வேலை?

நிலம் என்று சொன்னாலே இந்த மண்ணில் ஒரு தேதி நினைவுக்கு வர வேண்டும். 1994 அக்டோபர் 10. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் மக்கள் நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்துச் செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். திரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டத்தில், நூறு ஆண்டுகள் கழித்து, அதே நிலத்தைக் கேட்டதற்காக.

எதைக் கேட்பது?

ஆய்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தடுப்பூசியும் மருந்தும் மற்ற எல்லோரையும்விட நம் மக்களுக்கே அவசரத் தேவை. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் வந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல் நோய் எப்படி வளர்கிறது என்று அரசே வேடிக்கை பார்த்தது. 1997ல்தான் அதிபர் மன்னிப்புக் கேட்டார். நம் நாட்டிலும் 2009-10ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டபோது பல சம்மதப் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013ல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. இந்த அனுபவங்களோடு கிளஸ்டர் விவாதத்துக்குப் போக வேண்டும்.

முதலில் நிலம். உங்கள் ஊரில் ஏதாவது தொழிற்பூங்காவுக்கு இடம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ஏ-பதிவேட்டைப் பாருங்கள். நிபந்தனை ஒப்படை நிலமா என்பதற்கான தடயம் அங்கே இருக்கும். வில்லங்கச் சான்றும் எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய ஒப்படைப் பதிவுகளைக் கேளுங்கள்.

இரண்டாவது சம்மதம். 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி சோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று கேளுங்கள். நம்மில் ஒருவர் ஏன் இருக்கக் கூடாது?

மூன்றாவது வேலை. தடுப்பூசி வளாகம் பொதுத்துறையில்தான் இயங்க வேண்டும், இடஒதுக்கீடு ஆய்வகப் பணி வரை போக வேண்டும். உள்குத்தகைக்கு வரும் தனியாரிடமும் அரசு நிலத்தைக் கொடுக்கும்போதே உள்ளூர் தலித், பழங்குடி இளைஞர்களுக்கான பயிற்சியையும் வேலையையும் ஒப்பந்த நிபந்தனையாக எழுத வேண்டும். நிபந்தனையோடு நிலம் கொடுப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை, 1892லிருந்தே தெரிந்ததுதான்.

நான்காவது அறிவு. இருளர் சங்கம் விஷத்தை விற்பதோடு நிற்காமல் ஆய்வில் பங்காளியாக வேண்டும். ஒரு பகுதிப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து இன்னொரு பகுதிக் கடிக்குச் சரியாக வேலை செய்வதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஆய்வுக்கு அவர்களைவிடத் தகுதியான களப்பணியாளர்கள் யார்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் போய்க் கேளுங்கள். அந்தக் காலத்தில் ஜீப்பில் வந்து ஊசி போட்டார்களே, எக்ஸ்ரே வண்டி வந்ததே, நினைவிருக்கிறதா, என்ன சொல்லிப் போட்டார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று. திருவள்ளூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள், ஊர், தெரு, வயது எழுதி வையுங்கள். ஆய்வாளர்கள் எழுதிய வரலாறு நூலகத்தில் இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் சொல்லும் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை, சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஜெய்பீம்.